மிதிக்க ஓர் ஆள்

சித்திரைப் புத்தாண்டு அன்று காலையில் அந்தத் தெருவில் அடுப்பு எரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது ஜினதாசவின் வீடு. மற்ற வீடுகளில் முந்தின இரவே சாம்பலை அள்ளி, அடுப்பை மெழுகி, குசினிக் கதவைச் சாத்திவிட்டார்கள். பழைய வருஷம் போவதற்கும் புது வருஷம் வருவதற்கும் நடுவில் சோதிடர்கள் ஒரு வெறும் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். நொணகதே என்று அதற்குப் பெயர். அந்த நேரத்தில் சமைக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, வேலை என்று ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. விகாரைக்குப் போகலாம், ஊஞ்சல் ஆடலாம், வாய் வலிக்கப் பேசலாம். பிலிமத்தலாவை ஊரில் அந்த மூன்றாவதற்கு ஆள் பஞ்சமே கிடையாது.

சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருஷம் புத்தாண்டு இல்லை. ஜினதாசவின் மனைவி சீலவதி ஜனவரியில் காய்ச்சலில் போய்விட்டாள். ஆகவே அவருக்கு நல்ல நேரமும் கிடையாது, கெட்ட நேரமும் கிடையாது. வேனை முற்றத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, இடது முன்சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, சாக்கை விரித்துப் படுத்திருந்தார். ஊரே கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற நாளில் ஒருத்தர் மட்டும் வேலை செய்தால் அதைவிடப் பார்க்கத் தகுந்தது வேறென்ன? பக்கத்து வீட்டு ஹேமபால வேலியோரமாக நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

"மச்சான், நான் எதையும் தொடமாட்டேன். ஆனா வாயால சொல்றது வேலையில சேராதுதானே?"

"சேராது."

"அப்ப கேளு. அந்த ரப்பர் குழாய் முறுகிக்கிட்டு நிக்குது."

"தெரியுது."

"தெரிஞ்சா சரி. நான் சும்மா சொன்னேன்."

அன்று இரவு ஜினதாசவின் மகள் இனோஷாவுக்கு விமானம். சைப்பிரஸில் நடமாட முடியாத ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. புத்தாண்டு நாளில் நாட்டை விட்டுப் போக யாருக்கு மனம் வரும்? அதனால் அன்றைக்குத்தான் டிக்கெட் மலிவு. ஏஜென்சிக்காரனுக்கு நாளும் இல்லை, கோளும் இல்லை. இந்த விமானத்தை விட்டால் இடம் வரிசையில் அடுத்து நிற்கிறவளுக்குப் போய்விடும் என்று பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். பஸ் ஓடாது. வாடகைக் கார்க்காரர்களைக் கேட்டால், தலைக்கு எண்ணெய் வைக்கிற சடங்கு கழியட்டும் என்றார்கள். ஹேமபாலவின் ஆட்டோவும் சுபவேளை பார்த்துத்தான் ஸ்டார்ட் ஆகும். வேனை விட்டால் வேறு வழி இல்லை. அந்த வேனும் கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்கித்தான் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போக வேண்டும். சரியான பிரேக் இல்லாமல் அந்த இறக்கத்தில் இறங்குகிறவர்கள் விமானம் இல்லாமலே மேலே போய்விடலாம்.

அது பள்ளிக்கூட வேன். ஜினதாச ஓட்டுவார், சீலவதி பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் மூக்கைத் துடைப்பாள், ஒருத்திக்குப் பின்னல் போடுவாள், மற்றவர்களைத் திட்டுவாள். அவள் போன பிறகு அவர் வேனைப் பலா மரத்தடியில் நிறுத்தினார். பிள்ளைகளின் பெற்றோர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு வேனுக்கு மாறினார்கள். அவர் ஏன் என்றும் கேட்கவில்லை. ஓடாத வண்டியில் துரு ஏறிக்கொண்டே இருந்தது. மகளை மருத்துவப் பரிசோதனைக்குக் கண்டிக்குக் கூட்டிப் போவதற்காக மறுபடி எடுத்தபோது வண்டி இடப்பக்கமாக இழுத்தது. திரும்பி வந்து இறங்கினால் சக்கரத்தில் கருகல் வாசம். கை வைக்க முடியாத சூடு.

கழற்றிப் பார்த்தார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கலிப்பர், பிடித்த பிடியை விடாமல் இறுகிக் கிடந்தது. உள்ளே இருந்த பிஸ்டனை ஒருவாறு வெளியே தள்ளினால், உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரித் துருக் குழிகள். புதியதற்குக் கண்டிக் கடைக்காரன் சொன்ன விலையில் கறவை மாடு ஒன்று வாங்கிக் கட்டலாம். முதலில் மலிவான வழியைத்தான் பார்த்தார். நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, புது ரப்பர் வளையம் போட்டு மாட்டினார். விடிந்து பார்த்தால் தரையில் எண்ணெய் கசிந்து கிடந்தது. குழியை என்ன தேய்த்தாலும் மேடாகாதே.

அதன் பிறகுதான் பஸ் ஏறிப் பழைய சாமானுக்காகக் கொழும்புக்குப் போனார். அங்கே பஞ்சிகாவத்தையில் பாதிக் கடைகள் கதவை இறக்கிக்கொண்டிருந்தன. புத்தாண்டுக்கு ஊருக்குப் போகிற அவசரம் எல்லோர் காலிலும் இருந்தது. ஒரு கடைக்காரன் வாய் நிறைய வெற்றிலையோடு கலிப்பர் குவியலைக் கிளறி ஒன்றை இழுத்தெடுத்தான். "இடது முன்பக்கம்" என்று ஜினதாச சொன்னார். அவனும் தலையை ஆட்டிக்கொண்டே பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. தேங்காய் வாங்கினாலும் மூன்று தரம் தட்டிப் பார்த்து, கடைக்காரன் முகம் கறுக்கும் வரை விடாத மனிதர். ஜனவரிக்குப் பிறகு அவர் எதையும் தட்டிப் பார்ப்பதில்லை.

செத்த வீட்டில் அவர் அழவில்லை. அழுவார், அழுவார் என்று எல்லோரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் தனக்கு எப்போது அழுகை வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைக் கடித்தாலும் தெரியாதே, அப்படித்தான் ஆகிவிட்டது எல்லாம். உப்பு இருந்தாலும் சாப்பிட்டார், இல்லாவிட்டாலும் சாப்பிட்டார். "அப்பா, எனக்கு விசா வந்துருச்சு" என்று மகள் சொன்ன அன்றைக்கு, "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நல்லதா கெட்டதா என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

கலிப்பரை மாட்டியாயிற்று. இனிக் காற்று எடுக்க வேண்டும். குழாயைக் கழற்றினால் பிரேக் எண்ணெய் போகிற வழியில் காற்றுப் புகுந்துவிடும். காற்று இருக்கும்வரை பிரேக் மிதி பஞ்சுத் தலையணை; எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நிற்காது. அதை எடுக்க ஒற்றை ஆளால் முடியாது. ஒருவர் மேலே உட்கார்ந்து மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே கிடந்து, கலிப்பரில் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு, மேலே இருக்கிறவர் காலை எடுக்குமுன் மூட வேண்டும்.

இத்தனை காலமும் மேலே உட்கார்ந்தவள் சீலவதி. அவர் கீழேயிருந்து கத்துவார், அவள் மேலேயிருந்து பதில் கத்துவாள். மற்ற நேரமெல்லாம் அவளை "இந்தா", "இங்க பாரு" என்றுதான் கூப்பிடுவார். அதை அவள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்: "எங்க வீட்டு மனுசன் பேர் சொல்லிக் கூப்பிடணும்னா பிரேக்குல காத்துப் புகணும்."

ஜினதாச வேலிப் பக்கம் திரும்பினார். "மச்சான், ரெண்டு நிமிசம் வந்து பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கிறியா?"

ஹேமபால பதறிப்போனார். "ஐயோ, மிதிக்கிறது வேலையில்ல?"

"காலையிலயிருந்து உன் பொஞ்சாதி ஊஞ்சலை உந்தி உந்தி ஆடுது. அது என்னவாம்?"

"அது விளையாட்டு மச்சான்."

"இதையும் விளையாட்டா மிதி."

"நீ சொல்லுவ. வருசம் பூரா என் ஆட்டோவுக்குப் பிரேக் புடிக்காமப் போனா யாரு பொறுப்பு?"

திண்ணமாகச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இனோஷா வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பெட்டி கட்டி முடித்து, பிரயாணத்துக்கென்று வாங்கின ஜீன்ஸும் போட்டாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுநர் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"எப்படின்னு சொல்லுங்க அப்பா."

"நான் அடின்னா மூனு தரம் மிதி. பிடின்னா அழுத்திப் பிடி. எடுன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்காத."

"ம்."

"அடி. அடி. அடி. பிடி."

"பிடிச்சிருக்கேன்."

அவர் நிப்பிளைத் திறந்தார். அதில் மாட்டியிருந்த, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பக்கத்தில் வைத்திருந்த போத்தலுக்குள் எண்ணெய் வந்தது. மூடினார். "எடு." மறுபடி அடி, மறுபடி பிடி. நடுநடுவே எழுந்து போய் எண்ணெய் ஊற்றினார். எத்தனை தரம் செய்தும் மிதி அடியாழத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. "இன்னும் பொதுக்குப் பொதுக்குன்னு போகுது அப்பா" என்றாள் அவள். வெயில் முற்றத்தின் பாதிக்கு வந்துவிட்டது. சந்தியிலிருந்து ரபான் மேளச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

அப்போதுதான் அவர் பார்த்தார். நிப்பிள் கலிப்பரின் அடியில் இருந்தது. மேலே இருக்க வேண்டிய சாமான். கடைக்காரன் கட்டிக் கொடுத்தது வலப்பக்கத்துக் கலிப்பர். இடப்பக்கத்திலும் அது பொருந்தும், போல்ட்டும் ஏறும், தலைகீழாக நிற்கும், அவ்வளவுதான். காற்று மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். கீழே திறந்தால் எண்ணெய் மட்டும் வரும். நாள் பூரா மிதித்தாலும் இதேதான். குழாய் முறுகி நின்றபோதே தெரிந்திருக்க வேண்டும். ஹேமபால வாயால் சொன்னார், இவரும் வாயால் தெரியுது என்றார்.

அவர் மல்லாந்து கிடந்தபடியே யோசித்தார். இதற்கு ஒரு வழி உண்டு. குழாயைக் கழற்றாமல் கலிப்பரை மட்டும் அவிழ்த்து, நிப்பிள் மேலே வரும்படி கையில் தூக்கிப் பிடித்து, டிஸ்க் இருக்கிற இடத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகி, அப்படியே காற்றை எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் போதும். பத்துப் பணத்துக்கு வழி இல்லாத நாளில் அவரும் சீலவதியும் ஒரு தரம் அப்படிச் செய்திருக்கிறார்கள். இனோஷாவுக்கு அது தெரியாது. ஹேமபாலவுக்கும் தெரியாது. இந்த உலகத்தில் இப்போது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"என்ன அப்பா, சரிவருமா?"

"வராது," என்றார் ஜினதாச.

"வராதா?"

"இது வலப்பக்கத்து சாமான். மாத்திக் குடுத்துட்டான். கடை திறக்க ஒரு கிழமை ஆகும்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஹேமபால பெருமூச்சு விட்டார். "நான் ஒன்னும் சொல்லல மச்சான். ஆனா நேரங்கெட்ட நேரத்துல கைவெச்சா இப்படித்தான்."

இனோஷா கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மகள் இனிப் போகமாட்டாள். இதை நினைத்தால் சந்தோஷம் வரும் என்று ஜினதாச எதிர்பார்த்தார். பொய் சொன்னதற்கு வெட்கமாவது வரும் என்று பார்த்தார். சாக்கில் கிடந்தபடி இரண்டுக்கும் காத்திருந்தார். சந்தோஷமும் இல்லை, வெட்கமும் இல்லை. உள்ளே அறையில் பெட்டியின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. அதையும் வெறும் சத்தமாகத்தான் கேட்டார்.

அவள் தேத்தண்ணியோடு திரும்பி வந்தாள். கோப்பையோடு கருப்பட்டித் துண்டு ஒன்றும் இருந்தது. தெருவில் வேறு எந்த வீட்டிலும் அன்றைக்குக் கிடைக்காத பானம் அது. ஹேமபால அதன் வாசத்தைப் பிடித்து, எச்சில் விழுங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாவம், இருட்டும் வரை அவர் பச்சைத் தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிக்க வேண்டும்.

"சாமான எல்லாம் எடுத்து அலுமாரியில வெச்சுட்டேன்," என்றாள் இனோஷா. "ஏஜென்சிக்கு நாளைக்குச் சொல்லிக்கலாம்."

ஜினதாச எழுந்து உட்கார்ந்து கோப்பையை வாங்கினார்.

"நல்லதுதான் அப்பா. உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான் நானும் நினைச்சேன். நான் இங்கயே இருந்துர்றேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஏமாற்றம் இல்லை. இருந்துர்றேன் என்றதை, 'சாப்பிட்டாச்சு' என்று அவர் சொல்வாரே, அதே குரலில் சொன்னாள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்தக் குரலை அவர் ஜனவரியிலிருந்து தன் வாயிலிருந்து மட்டும்தான் கேட்டிருக்கிறார். தாயைப் பறிகொடுத்தவளும் இதே வீட்டில்தானே இருக்கிறாள் என்பது ஏதோ புதுச் செய்தி போல அவருக்கு உறைத்தது. இவள் இங்கேயே இருந்தால், பலா மரத்தடியில் வேன் நிற்க, உள்ளே இரண்டு பேர் இரண்டு அறையில் இப்படியே பேசிக்கொண்டு இருப்பார்கள். வருஷம் வரும், போகும்.

அவர் கருப்பட்டியைக் கடித்தார். தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.

"மகள், குசினியில பலா விறகு இருக்குல்ல? அதுல தட்டையா ஒரு துண்டு எடுத்துட்டு வா. கத்தியும்."

"எதுக்கு அப்பா?"

"ஒரு வழி இருக்கு."

"இப்பத்தானே இல்லைன்னீங்க?"

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

அவள் அவரை ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பார்வையிலிருந்து அவளுக்கு எவ்வளவு விளங்கிற்று என்று சொல்ல முடியாது. போய் விறகுத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜினதாச அதை டிஸ்க்கின் தடிப்புக்குச் சீவினார். இரண்டு போல்ட்டையும் கழற்றிக் கலிப்பரை இறக்கி, விறகுத் துண்டை இரண்டு பிரேக் பேடுக்கும் நடுவே செருகினார். பிறகு முழுவதையும் புரட்டி, நிப்பிள் வானத்தைப் பார்க்கும்படி இடக்கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அழுக்கு எண்ணெய் முழங்கை வழியே வழிந்து சட்டைக்குள் போயிற்று.

"இது என்ன மச்சான், கைப்பிள்ளையத் தூக்குற மாதிரி?" என்றார் ஹேமபால.

"வாயால சொல்றதும் வேலைதான்னு சோசியர் சொன்னாராம்," என்றார் ஜினதாச. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. ஹேமபால அதிர்ந்துபோய் வாயை மூடிக்கொண்டார்.

இனோஷா ஏறி உட்கார்ந்தாள். "ரெடி அப்பா."

"அடி. அடி. அடி. பிடி."

"பிடிச்சிருக்கேன்."

நிப்பிளைத் திறந்ததும் குழாயில் குமிழிகள் வந்தன. ஒன்றிரண்டல்ல, கொத்துக்கொத்தாக, போத்தலுக்குள் கொப்பளித்துக்கொண்டு வந்தன. காலையிலிருந்து உள்ளே உட்கார்ந்திருந்த காற்றெல்லாம் கிளம்பி வந்தது. மூடினார். "எடு." அவருடைய கை வேகம் பிடித்துவிட்டது. திறக்கிறதும் மூடுகிறதும், மேலேயிருந்து வருகிற பதிலும், பழகின தாளத்துக்கு வந்துவிட்டன.

"அடி. அடி. அடி. பிடி, சீலா."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. ஹேமபாலவின் நாற்காலி கிரீச்சிடுவதை நிறுத்தியது. அவர் நிப்பிளில் வைத்த ஸ்பேனரைத் திருப்பாமல் அப்படியே இருந்தார்.

"பிடிச்சிருக்கேன்," என்றாள் இனோஷா.

அவர் திறந்தார். இரண்டு குமிழிகள் வந்தன. பிறகு ஒன்று. பிறகு எண்ணெய் மட்டும், தேன் நிறத்தில், ஒரு புள்ளி காற்றில்லாமல் வந்தது. அவர் நிப்பிளை மூடி இறுக்கினார். வேலை முடிந்துவிட்டது. கலிப்பரைத் திரும்ப மாட்டி, சக்கரத்தைப் பூட்டினால் மத்தியானத்துக்குள் இறக்கத்தில் இறங்கிவிடலாம். அலுமாரியில் வைத்ததை அவள் மறுபடி பெட்டியில் வைக்க வேண்டும்.

எடு என்று சொல்ல வாயைத் திறந்தார். நெஞ்சில் எங்கேயோ பிடித்து இழுத்தது. வலித்தது. நன்றாகவே வலித்தது. ஜனவரிக்குப் பிறகு அவருக்கு முதன்முதலாக வலித்தது அப்போதுதான்.

"அப்பா? காலை எடுக்கவா?"

"வேணாம்," என்றார் ஜினதாச. "இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிரு, மகள்."

காற்றெல்லாம் போய், மிதி கல்லாக நிற்பது அவள் காலுக்குத் தெரியாமல் இருக்காது. அவள் காலை எடுக்கவில்லை.